தண்டு மாற்றிய மேஷி

1934ஆம் ஆண்டு ஜூன் மாதம் பதினேழாம் நாள், ஞாயிற்றுக்கிழமை, காலை ஆறு மணி நாற்பது நிமிடம். இரவெல்லாம் மேற்கே மின்னிக்கொண்டிருந்த வானம் ஒரு துளியும் சிந்தாமல் வெளுத்திருந்தது. மேல்காற்று இன்னும் எழவில்லை. பருத்திப்பட்டு ஏரியின் வற்றிய படுகையில் கொக்குகள் மட்டும் எதையோ தொலைத்தவைபோலக் குனிந்து நடந்துகொண்டிருந்தன. அந்த நேரத்தில், ஆவடி இந்தியர் கோல்ஃப் சங்கத்தின் ஏழாம் குழிக்குரிய மேட்டில், வீரராகவனுடைய மேஷி மட்டை ஒடிந்தது.

நேரம் இவ்வளவு துல்லியமாகத் தெரிவதற்குக் காரணம் உண்டு. மட்டை ஒடிந்ததும் அவர் முதலில் செய்தது, சட்டைப் பையிலிருந்த கடிகாரத்தை எடுத்துப் பார்த்ததுதான். பொதுப்பணித் துறையில் மதகுகளுக்கும் பாலங்களுக்கும் வரைபடம் போட்டே தலை நரைக்கத் தொடங்கியவர் அவர். எந்தச் சேதமானாலும் நேரத்தைக் குறித்துவிட்டுப் பிறகுதான் வருந்துவார். அன்று வருத்தம் அதிக நேரம் காத்திருக்கவில்லை.

"பந்தைக் காட்டியும் தலை தூரமா பூட்ச்சிங்க," என்று மட்டையின் தலை பறந்துபோன கால்வாய்ப் பக்கம் கண்ணைச் சுருக்கிப் பார்த்துச் சொன்னான் உலகநாதன். சேக்காட்டுக்காரன், வயல் வேலை இல்லாத நாள்களில் இவர்களுக்குப் பை சுமக்க வருபவன். "தலையவே வெச்சு ஆடுனா இந்தக் குழி நம்ளுதுதான்."

யாரும் சிரிக்கவில்லை. கலீல் ரகுமான் குனிந்து, தரையில் கிடந்த பிடிப் பக்கத்துத் துண்டை எடுத்தார். அதன் தோலைக் கட்டைவிரலால் ஒருமுறை நீவிவிட்டு, நண்பரிடம் நீட்டினார். அந்த மேஷியைப் பன்னிரண்டு ஆண்டுகளுக்கு முன் வீரராகவனுக்குக் கொடுத்தவர் அவர்தான்.

அந்தப் பன்னிரண்டு ஆண்டுகளை நினைத்தால் வீரராகவனுக்கு முதலில் வருவது ரயில் புகையின் வாசனை. ஞாயிறு விடியுமுன் அம்பத்தூரில் ஏறி ஆவடியில் இறங்குவார். பூந்தமல்லியிலிருந்து கலீல் தம் குதிரை வண்டியில் வந்து நிலையத்துக்கு வெளியே காத்திருப்பார். வண்டியில் அவருடைய தோல் மண்டியின் வாடை இருக்கும். அதை மறைக்கத் தெளித்த அத்தரின் வாடை அதற்கு மேலே இருக்கும். இரண்டையும் சேர்த்து முகர்ந்தால்தான் வீரராகவனுக்கு ஞாயிற்றுக்கிழமை பிறந்ததாகப் பொருள்.

வெள்ளையர் மைதானங்களில் பை சுமப்பதற்கு மட்டுமே இந்தியருக்கு இடம் என்றிருந்த நாளில், வழக்கறிஞர்களும் மருத்துவர்களும் வியாபாரிகளுமாகச் சிலர் கூடி, ஏரியோரத் தரிசைக் குத்தகைக்கு எடுத்து அமைத்த சங்கம் அது. ஒன்பது குழிகள், ஒரு தகரக் கொட்டகை. குழியைச் சுற்றிப் பசும்புல் வளர்க்கத் தண்ணீருக்கு வழியில்லை; ஆகையால் கழிவெண்ணெய் கலந்த மணலைப் பரப்பி உருளை ஓட்டியிருந்தார்கள். வெயில் ஏறினால் மைதானம் முழுவதும் ரயில் பட்டறைபோல் மணக்கும். ஐப்பசியில் மழை பிடித்தால் ஏரி நிரம்பி, கடைசி மூன்று குழிகளை மூடிவிடும். அப்போது அவற்றில் அயிரை மீன்கள் ஆடும்.

சங்கத்தில் இருவரும் ஒரே நாளில் சேர்ந்தவர்கள். இருவருக்கும் அன்று ஆட்டம் தெரியாது. சீமைக்குத் திரும்பிய ஒரு ராணுவ அதிகாரியின் வீட்டு ஏலத்தில் கலீல் ஒரு பை நிறைய மட்டைகளை எடுத்திருந்தார். நெடுந்தூரம் அடிக்க மரத்தலை மட்டைகள், குழியருகே உருட்டத் தட்டையான ஒன்று, இடைப்பட்ட தூரத்துக்குப் பந்தை உயர எழுப்பி மெத்தென இறக்க மேஷி எனப்படும் இரும்புத்தலை மட்டை. கலீல் குள்ளம், மேஷி அவருக்கு நீளம். இரண்டு வாரம் அதனோடு மல்லுக்கட்டிவிட்டு வீரராகவனிடம் கொடுத்துவிட்டார். "இது என்ன மதிக்க மாட்டேங்குது, மொதலியாரே. உங்கள மதிக்குதா பாருங்க."

மதித்தது. சரியாகப் பட்ட அடியில் கைக்கு ஒன்றுமே தெரியாது என்பதை அன்றுதான் வீரராகவன் அறிந்தார். மென்மையாக ஓர் ஒலி. பந்து எழுந்துவிட்டது என்று கண் சொல்லும். கையோ ஒன்றும் நடக்காததுபோல் இருக்கும். அந்த ஒன்றுமின்மைக்காகவே அவர் பன்னிரண்டு ஆண்டுகள் ஞாயிறுதோறும் ரயிலேறினார்.

ஆண்டுதோறும் மழைக்கு முன் நடக்கும் கோப்பைப் போட்டி, இணைகளுக்கானது. இருவருக்கும் ஒரே பந்து. மாறி மாறி அடிக்க வேண்டும். முதல் அடி இவர்களில் யாருக்கு எந்தக் குழியில் என்பது முன்பே முடிவான ஏற்பாடு. ஏழாம் குழியின் முதல் அடி எப்போதும் வீரராகவனுக்கு. மேட்டிலிருந்து அடித்தால் உபரிநீர்க் கால்வாயைத் தாண்டிப் பந்து எண்ணெய் மணலில் இறங்க வேண்டும். குறைந்தால் கால்வாய், மிகுந்தால் கருவேல முள். அந்தத் தூரத்துக்கென்றே மேஷி பிறந்ததாக இருவரும் நம்பினார்கள். கோப்பையை அவர்கள் ஒருமுறையும் வென்றதில்லை. ஏழாம் குழியைத் தோற்றதும் அதிகமில்லை.

மட்டை ஒடிந்த அன்று, திரும்பும் வழியில், குதிரை வண்டியை நிலையத்துக்கு வெளியே நிறுத்திவிட்டுக் கலீல் ஒரு செய்தி சொன்னார். பினாங்கில் அவருடைய தமையனார் படுக்கையில் விழுந்துவிட்டார். அங்குள்ள கடையை இனி இவர்தான் பார்க்க வேண்டும். மனைவி நசீம் பானுவும் பிள்ளைகளும் உடன் வருகிறார்கள். பூந்தமல்லி வீட்டை விற்க ஏற்பாடாகிவிட்டது. கார்த்திகையில் கப்பல்.

"இந்த வருசக் கோப்பைதான் நமக்குக் கடைசி, மொதலியாரே," என்றார். "மட்டைய சரி பண்ணிடுங்க."

சரி பண்ணுவது என்ற சொல்லை வீரராகவன் அளவுக்கு மிஞ்சிய கவனத்தோடு எடுத்துக்கொண்டார்.

தலைக்குச் சேதமில்லை. அமெரிக்கக் காட்டு ஹிக்கரி மரத்தாலான தண்டுதான் ஒடிந்தது. அது போன்ற இன்னொரு தண்டைப் பொருத்திவிட்டால் வேலை முடிந்தது என்று மற்றவர்கள் நினைத்திருப்பார்கள். அவர் முதலில் ஒடிந்த தண்டின் இரு துண்டுகளையும் மேசைமேல் சேர்த்து வைத்து அளந்தார். நீளம், எடை, வளைவு, விரல்மேல் நிறுத்தினால் சமனாக நிற்கும் இடம், தலையருகே பருமன், பிடித் தோலுக்குச் சற்றுக் கீழே பருமன். தோலுக்கு உள்ளே இருக்கும் பகுதியின் பருமனைக் கணக்கால் பெற்றார். தண்டு மேல்நோக்கிச் சீராகப் பெருப்பது. தோலுக்கு அடியிலும் தண்டுதான் இருக்கும். அளக்க வேண்டாத உண்மை என்று அவர் வாழ்நாளில் ஏற்றுக்கொண்டவை மிகச் சில. அவற்றுள் இது ஒன்று. எடை மட்டும் எதிர்பார்த்ததைவிடச் சற்று மிகுந்திருந்தது. ஆண்டுகள் பலவாக எண்ணெய் குடித்த மரம் என்று அதற்கொரு சமாதானம் எழுதினார்.

முதல் தண்டு மவுண்ட் ரோடு கடையில் வாங்கிய புதிய ஹிக்கரி. ஆடிக் காற்றில் அது உலர்ந்து சுருங்கி, தலை தளர்ந்து கிலுகிலுப்பைபோல் ஆடியது. ஆளி எண்ணெய் ஊற்றி ஊறவைத்துத் தலையை இறுக்கினார். பந்து எழுந்தது, ஆனால் பறக்கும் பாதையின் கடைசியில் கோபித்துக்கொண்டதுபோல் இடப்புறம் முகம் திருப்பியது. அடுத்தது எஃகுக் குழாய்த் தண்டு. புதிதாகப் பழக்கத்துக்கு வந்திருந்த அதை மரம்போல் தோன்ற வண்ணம் பூசி விற்றார்கள். அந்தப் பொய்யே அவருக்குப் பிடிக்கவில்லை. அதிலும் பந்து இடப்புறம். பிறகு ஆச்சா மரத்தைக் கடைந்து போட்டார். கனம் தாங்கவில்லை, ஆயினும் இடப்புறம் திரும்ப அந்தக் கனம் தடையாக இல்லை. கலீல் வரவழைத்துக் கொடுத்த பினாங்குப் பிரம்பு சாட்டைபோல் துவண்டது. கடைசியாகத் திருத்தணிப் பக்கத்துக் கல்மூங்கில். மற்றவற்றைவிடப் பருத்தது, நெருப்பில் வாட்டி நிமிர்த்தப்பட்டது. பந்து அதிலும் திரும்பியது, ஆனால் வெட்கத்தோடு, கொஞ்சமாக.

ஒவ்வொரு தண்டுக்கும் சமநீதி வழங்குவதில் அவர் கண்டிப்பாக இருந்தார். ஒரே தலை, ஒரே நீளம், பிடிக்கு ஒரே ஆட்டுத் தோலிலிருந்து நறுக்கிய புதிய மெல்லிய வார், ஒரே சுற்று. தண்டைத் தவிர வேறெதுவும் மாறக் கூடாது என்பது சோதனையின் முதல் விதி. அம்பத்தூர் வீட்டுக்குப் பின்னே அறுவடை முடிந்த வயலில், காற்று எழுமுன் அடிப்பார். பந்து விழுந்த இடமெல்லாம் உலகநாதன் முளைக்குச்சி நடுவான். காலைப் பொழுது முடியும்போது வயல், யாரோ நிலம் வாங்கி மனை பிரித்ததுபோல் தோன்றும்.

"இன்னாங்க ஐயா, முருங்கக் கொம்ப மட்டும் பாக்கி உட்டுட்டீங்களே," என்றான் உலகநாதன் மூங்கில் நாளன்று.

பூந்தமல்லியிலிருந்து கலீலும் சில நாள் வந்து பார்ப்பார். வரப்பில் குடையை விரித்து உட்கார்ந்துகொண்டு, எல்லாத் தண்டுமே நன்றாகத்தான் இருக்கிறது என்பார். பழைய பிடியைப்போல் தாமே தோல் சுற்றித் தரட்டுமா என்று ஒருமுறை கேட்டார். ஆண்டுதோறும் விஜயதசமிக்குப் பிறகு, கோப்பைக்கு முன், மேஷிக்குப் புதுத் தோல் சுற்றுவது அவருடைய உரிமையாக இருந்து வந்தது. தோல் அவர் தொழில். வேறு யார் கையையும் அவர் நம்பியதில்லை. வீரராகவன் மறுத்துவிட்டார். ஒன்றுக்கு மட்டும் தேர்ந்த கையால் தோல் சுற்றினால் மற்றத் தண்டுகளுக்கு அநீதி ஆகும் என்றார். கலீல் தண்டுகளைப் பார்த்தார்; பிறகு நண்பரைப் பார்த்தார்; குடையை மடக்கிக்கொண்டு எழுந்தார்.

ஆவணி போய்ப் புரட்டாசி வந்தது. கோப்பைக்கு ஒரு மாதம் முன்னதாக ஒவ்வொருவரும் தாம் ஆடப்போகும் மட்டைகளைச் சங்கத்துக்குக் குறித்துக் கொடுக்க வேண்டும். குறித்தவற்றைத் தவிர வேறொன்றைத் தொடக் கூடாது. சில ஆண்டுகளுக்கு முன் பணக்கார உறுப்பினர் ஒருவர் போட்டிக்கு முந்தின நாள் எஃகு மட்டைகள் ஒரு கட்டு வாங்கிவந்து கோப்பையைத் தூக்கிக்கொண்டு போனதன் விளைவாகப் பிறந்த விதி அது. ஓட்டை உடைசல் இல்லாமல் அதன் வாசகத்தை அமைத்தவர் வீரராகவனேதான்.

அவர் மேஷிக்கு எதிரே 'மூங்கில் தண்டு' என்று எழுதிக் கொடுத்தார். செயலாளர் பரந்தாமன், ஓய்வு பெற்ற சப் ஜட்ஜ், கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மீண்டும் மாட்டிக்கொண்டு படித்தார். எந்த மட்டை வியாபாரியும் விற்காத ஒன்றை, ஆட்டத்தின் மரபுக்கு உட்பட்டதென்று தாம் மட்டும் சொல்லிவிட முடியாது என்றார். குழு கூடி முடிவு செய்யட்டும், மனுப் போடுங்கள் என்றார். வீரராகவன் போட்டார். மூங்கிலின் குறுக்குவெட்டுத் தோற்றம் மையில் வரைந்து இணைக்கப்பட்டிருந்தது. தமக்கு ஏற்ற தண்டு இது ஒன்றே என்றும், மறுப்பது தம்மை ஆட்டத்திலிருந்தே விலக்குவதற்கு ஒப்பாகும் என்றும் முடித்திருந்தார். குழு கூடுவது தள்ளிக்கொண்டே போய், கோப்பைக்கு முந்தின நாளான சனிக்கிழமைக்கு வந்து நின்றது. மறுத்துவிட்டால் ஏழாம் குழியில் வெறுங்கையோடு நிற்க வேண்டியதுதான். அல்லது கலீல் வேறு துணையைத் தேடிக்கொள்ள வேண்டும். கடைசி ஆட்டத்தை யாரோ ஒருவரோடு ஆடிவிட்டுக் கப்பலேற வேண்டும்.

இதற்கிடையே ஆயுத பூஜை வந்தது.

வீரராகவன் வீட்டில் அன்று வரைகருவிப் பெட்டி, கலப்பை, அரிவாள், தையல் இயந்திரம் எல்லாவற்றுக்கும் சந்தனமும் குங்குமமும் உண்டு. கோல்ஃப் மட்டைகளுக்கும் உண்டு. ஆனால் சற்று ஒதுக்குப்புறமாக. "தோலுங்க அது. சாமி கிட்ட வெக்க மாட்டேன்," என்று முதல் ஆண்டே தீர்ப்புச் சொல்லிவிட்ட அவர் மனைவி தாட்சாயிணி, தாழ்வாரத்தில் தனியே ஒரு மணை போட்டு அவற்றைக் கிடத்துவாள். எல்லாவற்றுக்கும் கட்ட நூல் எடுப்பானேன் என்று, கணவர் எதைப் பற்றி ஓயாமல் பேசுகிறாரோ அந்த மேஷிக்கு மட்டும் மஞ்சள் நூல் சுற்றுவாள். இவ்வாண்டு மேஷி எது என்பதில் அவளுக்குச் சிறிது குழப்பம். தலை அன்று எஃகுத் தண்டில் இருந்தது. குழுவின் முன் ஒப்பிட்டுக் காட்டுவதற்காக அவரே மாற்றிப் பொருத்தி வைத்திருந்தார். மூங்கில் தலையில்லாமல் மூலையில் சாய்ந்திருந்தது. தலையிருப்பதே மேஷி என்று அவள் முடிவு செய்தாள். வண்ணம் பூசிய குழாயில் நூல் வழுக்கும் என்று தோன்றியதால், பிடித் தோலின் மேல் அடியிலிருந்து நுனிவரை நெருக்கமாகச் சுற்றி, வந்த வழியே திரும்பவும் சுற்றி, முடிச்சிட்டாள்.

மறுநாள் விஜயதசமி. பூஜையில் வைத்த கருவியை எடுத்து ஒரு சிறு வேலையாவது செய்துவிட வேண்டும். வரைகருவிகளால் காகிதத்தில் ஒரு கோடு இழுத்தார். அரிவாளால் ஒரு கொத்துக் கீரை அறுத்துக் கொடுத்தார். பிறகு, தமக்கு மதிப்பில்லாத அந்த எஃகு மேஷியை, நூலோடும் குங்குமத்தோடும் எடுத்துக்கொண்டு வயலுக்குப் போனார். சடங்குக்கு ஒரு பந்து போதும். குறியொன்றும் பார்க்காமல் அடித்தார்.

கைக்கு ஒன்றும் தெரியவில்லை.

பந்து எழுந்தது, நேரே போயிற்று, நேரேயே இறங்கியது. வீரராகவன் அது விழுந்த இடத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். ஜூன் மாதத்துக்குப் பிறகு அவருடைய கைகள் முதல்முறையாக அவரிடம் பேசாமல் இருந்தன. இன்னொரு பந்து, அதுவும் நேரே. நூலைக் கவனமாகக் கழற்றிவிட்டு அடித்தார். பந்து இடப்புறம் போய் வரப்பில் மோதியது. மீண்டும் சுற்றினார், நேரே. நான்கு மாதத் தண்டுகளையெல்லாம் விட்டுவிட்டு, தம் உள்ளங்கையை விரித்து முதன்முதலாக அதை ஓர் அளவாகப் பார்த்தார். பிடி மெல்லியதாயிருந்தால் விரல்கள் மிஞ்சி மடங்குகின்றன. மடங்கிய விரல்கள் தலையைத் திருப்பிவிடுகின்றன. மூங்கில் கொஞ்சமாகத் திரும்பியது மூங்கில் என்பதால் அன்று, பருத்தது என்பதால்.

வீட்டுக்குள் போய் அலமாரியிலிருந்து ஒடிந்த பழைய துண்டை எடுத்தார். தோலின் முனையைப் பேனாக்கத்தியால் கிளப்பிப் பிரித்தார். அதற்கு அடியில் தண்டு இல்லை. மஞ்சள் நூல் இருந்தது. அதைப் பிரித்தால் இன்னும் கொஞ்சம் மங்கிய நூல். அதற்கும் கீழே, எண்ணெயும் வேர்வையும் ஊறிப் பழுப்பேறிப்போன நூல். ஆண்டுக்கு ஒன்றாக, மரத்தைக் காணும்வரை.

அன்று மாலையே பூந்தமல்லிக்குப் போனார். கலீலின் வீட்டில் பாதிச் சாமான்கள் பெட்டிகளில் கட்டப்பட்டிருந்தன. சுவரில் கடிகாரம் மாட்டியிருந்த இடம் வெளிறித் தெரிந்தது. வீரராகவன் ஒரு பென்சிலை எடுத்து நீட்டினார். பிரித்த நூல் முழுவதையும் அறுக்காமல், வரிசை மாறாமல், அதில் சுற்றி வைத்திருந்தார்.

கலீல் அதைக் கையில் வாங்கவில்லை. குற்றம் பிடிபட்டவர்போல் தாடியைத் தடவிக்கொண்டார்.

"வருசா வருசம் தோல அவுக்கறப்போ உங்க வீட்டம்மா கட்டுன நூலு மேல இருக்கும்," என்றார். "கழட்டாம தோலு வராது. கழட்டுனத குப்பைல போட மனசு வர்ல. சாமிக்குன்னு கட்டுனது. அதான், உள்ளாற சுத்தி மேல தோல போட்டுட்டேன். நீங்க இன்னா நெனப்பீங்களோன்னு சொல்லல."

"நீங்க அத அறுத்துப் போட்டிருப்பீங்கன்னுதான் நெனச்சேன், பாய்," என்றார் வீரராகவன். "தப்பா நெனைக்கல. தோல் சுத்தணும்னா அறுத்துத்தானே ஆவணும்னு."

"நான் சுத்தித் தரட்டுமான்னு கேட்டேனே, வயல்ல."

"கேட்டீங்க."

நசீம் பானு உள்ளிருந்து தேநீர் அனுப்பினாள். பீங்கான் கோப்பைகளையும் கட்டியாகிவிட்டதால் அது வெண்கல டம்ளரில் வந்தது. குடித்து முடிக்கும்போது வீரராகவன் இன்னொன்றையும் உணர்ந்திருந்தார். தம் மனு பொய். மூங்கில் ஒன்றே தமக்கு ஏற்றது என்று கையெழுத்திட்டு, படம் வரைந்து, வாதாடியது முழுவதும் பிழை. வாயை மூடிக்கொண்டிருந்தால் குழு ஒருவேளை மூங்கிலை அனுமதிக்கலாம். அதன்மேல் நூலைச் சுற்றிக்கொண்டு ஆடலாம். சொல்லிவிட்டால் மனு விழுந்துவிடும். வேறு மட்டை குறிக்கும் நாளோ, அவரே எழுதிய விதியின்படி, என்றோ கடந்துவிட்டது.

சனிக்கிழமை மாலை தகரக் கொட்டகையில் குழு கூடியது. உறுப்பினர் மூவர்: பரந்தாமன், டாக்டர் திருவேங்கடம், கலீல். தம் இணையின் விவகாரம் என்பதால் கலீல் தாமாகவே எழுந்து வெளியே போய் பெஞ்சில் உட்கார்ந்தார். வீரராகவன் நின்றுகொண்டே பேசினார். தம் மனுவில் உண்மைக்கு மாறான ஒரு முடிவு இருப்பதாகச் சொல்லி, எது என்றும், எப்படி வந்தது என்றும் விளக்கினார். ஒடிந்த துண்டையும் பென்சிலையும் மேசைமேல் வைத்தார். திருவேங்கடம் பென்சிலை எடுத்து, நாடி பார்ப்பவர்போல் விரலால் அழுத்திப் பார்த்தார். மதகுக்குப் படம் போடுகிறவர் மதகின் கதவைத் திறந்தே பார்த்ததில்லை போலிருக்கிறது என்றார். வீரராகவன் அதை மறுக்கவில்லை.

பரந்தாமன் சிரிக்கவில்லை. மனுவின் தாள்களை ஒவ்வொன்றாகப் புரட்டினார்.

"மூங்கில்தான் வேணும்னு ஒரு மாசமா என்னோட சண்டை போட்டீங்க," என்றார். "இப்ப மூங்கில் இல்லைன்னு நீங்களே வந்து சொல்றீங்க. வேற மட்டை குறிக்க நாள் இல்ல. அந்த விதியும் நீங்க போட்டதுதான். அப்ப குழுகிட்ட உங்களுக்கு இன்னாதான் வேணும், மிஸ்டர் வீரராகவன்?"

அலுவலகத்தில் அப்படி ஒரு கேள்வியை எதிர்கொண்டதாக அவருக்கு நினைவில்லை.

"நாளைக்கு அவரோட ஆடணும்," என்றார்.

வெளியே இருக்கச் சொன்னார்கள். பெஞ்சில் கலீல் நகர்ந்து இடம் கொடுத்தார். கிழக்கே மேகம் திரண்டிருந்தது. இன்னும் ஓரிரு நாளில் மழை பிடிக்கும் என்று உலகநாதன் பையைத் துடைத்தவாறே சொன்னான். ஏழாம் குழி மேடு மாலை வெயிலில் தனியே தெரிந்தது. அங்கே முதன்முதலாகப் பந்து கால்வாயைத் தாண்டிய நாளில் கலீல் தொப்பியைக் கழற்றி வீசியதையும், அது கால்வாயில் விழுந்து மிதந்ததையும், உலகநாதன் இறங்கி எடுத்துவந்து 'பந்து தாண்டிச்சி, குல்லா தாண்டல' என்றதையும் வீரராகவன் நினைத்துக்கொண்டார். கலீலும் அந்த மேட்டைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். பின்னாளில் யுத்தம் வந்து, ராணுவக் கிடங்குக்கென்று வேலி போட்டு, கொட்டகையையும் எண்ணெய் மணலையும் ஒன்றுவிடாமல் எடுத்துக்கொண்டபோது, பினாங்குக்கு எழுத வீரராகவனுக்கு முகவரிகூட நிச்சயமாயிருக்கவில்லை. ஆனால் அந்தப் பெஞ்சில் அன்று எவ்வளவு இடம் இருந்தது, தோல் வாடையும் அத்தர் வாடையும் எந்தப் பக்கத்திலிருந்து வந்தன என்பதெல்லாம் அவருக்கு அளவு பிசகாமல் நினைவிருந்தது.

கொட்டகைக்குள் விளக்கேற்றினார்கள். பேனா கீறும் ஓசை கேட்டது, நின்றது, ஏதோ ஒரு வரி அடிக்கப்பட்டது, மீண்டும் கீறியது. பரந்தாமன் ஒரே தாளோடு வெளியே வந்து, தீர்ப்பு வாசித்த பழக்கம் விடாமல், நின்றபடியே படித்தார்.

மனுதாரர் தம் வாதத்தைத் தாமே மறுத்துவிட்டமையால் மூங்கில் பற்றிய மனு தள்ளுபடி செய்யப்படுகிறது. எனினும், குறித்த காலத்தில் அவர் குறித்துக் கொடுத்தது மேஷி ஒன்று. அது அவர் பன்னிரண்டு ஆண்டுகளாக ஆடிய மேஷியே என்றும், ஆட்டத்தின் போது ஒடிந்தது என்றும் குழு அறியும். தலையும் பிடியும் பழையனவாக இருக்குமானால், தண்டு மாற்றுவது பழுது பார்த்தலே ஆகும்; ஒடிந்ததைப் பழுது பார்க்க எவருடைய அனுமதியும் தேவையில்லை. ஆகவே, இதில் காணும் பழைய நூல் முழுவதையும் கடைகளில் விற்கும் தண்டு ஏதேனும் ஒன்றில் முன்போலவே சுற்றி, மேலே தோலிட்டு, மட்டையை நாளைக் காலை ஆட்டத்துக்கு முன் குழுவிடம் காட்ட வேண்டும். அந்த வேலையை இதுவரை செய்துவந்தவரே செய்ய வேண்டும்.

படித்து முடித்துக் கையெழுத்தின் ஈரத்தை ஊதினார். வீரராகவன் எழுந்து கையை நீட்டினார்.

"உங்களுக்கு இல்ல," என்றார் பரந்தாமன். "இதுல வேலை அவருக்குத்தான்."

மஞ்சள் நூல் சுற்றிய பென்சிலைத் தாளின் மேல் வைத்து, இரண்டையும் சேர்த்துக் கலீல் ரகுமானின் கையில் கொடுத்தார்.